துன்பியல் நாடகச் சொற்கள்: 'குணக்குறை', 'ஆணவம்', 'ஊழ்வினை' மூன்றையும் மாற்ற வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

கிரேக்க நாடகச் சொற்பட்டியலின் முதல் வரைவைத் தொகுத்து அனுப்பிய ஐயாவுக்கு நன்றி. துன்பியல், பாடற்குழு, முகமூடி முதலியவற்றில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நாடகத்தின் உயிர்நிலையான நாலைந்து சொற்களுக்கு, ஆங்கிலப் பாடநூல்கள் தந்த விளக்கத்தையே தமிழாக்கி வைத்திருக்கிறோம். இவை இப்படியே அச்சேறினால் சோஃபக்ளிஸின் ஈடிபஸ், அன்டிகனி நாடகங்களைப் படிக்கும் மாணவருக்கு நாடகமே வேறாகத் தெரியும். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்தருள்க.

> ஹமார்த்தியா: குணக்குறை

இந்தச் சொல் கட்டாயம் போக வேண்டும். கவிதையியல் 13ஆம் அதிகாரத்தில் அரிஸ்டாட்டில் சொல்வது இதுதான்: அறத்தில் தலைசிறந்தவனும் அல்லாத, கயவனும் அல்லாத ஒருவன், தீய குணத்தால் அன்றி ஏதோ ஒரு ஹமார்த்தியாவால் வீழ வேண்டும். குணத்தின் தீமையை அவரே விலக்கிவிட்ட பிறகு, அதே இடத்தில் நாம் 'குணக்குறை' என்று எழுதுவது எப்படிப் பொருந்தும்?

அவர் அங்கே காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒருவன் ஈடிபஸ். அவன் செய்தது என்ன? தந்தையைக் கொல்வாய் என்று டெல்ஃபியில் கேட்டவுடன், தந்தை என்று தான் நம்பிய பாலிபஸை விட்டு விலகிப்போக கொரிந்துக்குத் திரும்பாமலே நடக்கிறான். மூன்று சாலைகள் கூடும் இடத்தில் எதிரே ஒரு வண்டி. வண்டியிலிருந்த முதியவர் இருமுனைத் தாற்றுக்கோலால் அவன் நடு உச்சியில் அடிக்கிறார். இவன் கைத்தடியால் திருப்பி ஒரே அடி. முதியவர் வண்டியிலிருந்து மல்லாந்து உருண்டு விழுகிறார். அடித்தது அவனுக்குத் தெரியும். அவர்தான் தன்னைப் பெற்ற தந்தை என்பதுதான் தெரியாது. சினம் மிக்கவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனை வீழ்த்தியது அந்தச் சினம் அல்ல, ஆளைத் தெரியாமல் போனது.

ஹமார்த்தியாவின் வினையடி ஹோமரில் எறிந்த வேல் குறி தவறுவதற்கு வரும். தமிழில் இதற்கு இணையான சொல்லைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. "கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது" (குறள் 772). வேல் யானையைத் தவறவிட்டது, 'பிழைத்தது'. பின்னாளில் 'பிழை' தவறு என்று விரிந்ததும், கிரேக்கச் சொல் தவறு என்று விரிந்ததும் ஒரே பாதைதான். எனவே கலைச்சொல்லாகக் 'குறிபிழைத்தல்', ஓட்டமான உரைநடையில் வெறும் 'பிழை' என்று முன்மொழிகிறேன். 'யானை பிழைத்த' என்பதைப் போலவே இங்கும் இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்பதால் ஒற்று மிகாது. 'குறிப்பிழைத்தல்' என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.

'பாவம்' என்று எழுதலாமே என முன்பு ஒருவர் கேட்டிருந்தார். புதிய ஏற்பாட்டில் இதே கிரேக்கச் சொல் பாவம் என்னும் பொருளில்தான் வருகிறது, உண்மை. ஆனால் அது நாடகங்களுக்குப் பல நூற்றாண்டு பிந்திய வழக்கு. அதை ஈடிபஸ் தலையில் ஏற்றக் கூடாது.

> ஹூப்ரிஸ்: ஆணவம்
> 'செருக்கு' போதாதா? திருக்குறளிலேயே இருக்கிறதே.

இரண்டும் வேண்டாம் என்பேன். ஆணவம் நமக்குச் சைவ சித்தாந்தத்தின் கலைச்சொல். உயிரோடு அநாதியாய் ஒட்டிய மலம். அந்தப் பொருளோடு பழகியவர், ஹூப்ரிஸ் என்பதும் உள்ளே கிடக்கும் இருள் என்றே எடுத்துக்கொள்வார். செருக்கும் மனநிலையே. கிரேக்கத்தில் ஹூப்ரிஸ் பெரும்பாலும் ஒரு செயல்; அதற்கு ஆளானவர் ஒருவர் எதிரே இருப்பார். தனக்கு ஒரு பயனும் கருதாமல், இன்னொருவரை இழிவுபடுத்தி அதில் இன்பம் காண்பது என்று அரிஸ்டாட்டில் தம் சொல்லணியியலில் வரையறுக்கிறார்.

ஏதென்ஸில் இது வழக்கே தொடுக்கத்தக்க குற்றம். ஆண், பெண், குழந்தை, அடிமை யாரிடம் செய்தாலும் குற்றம். பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்றில்லை, எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுக்கலாம். கி.மு. 348இல் டயோனிசஸ் பெருவிழாவின்போது, பாடற்குழுவுக்குச் செலவேற்று நடத்திய பேச்சாளர் டெமொஸ்தனிஸை, நாடக அரங்கிலேயே, கூட்டம் பார்க்க, மெய்டியஸ் என்ற செல்வந்தன் முகத்தில் குத்தினான். இதுபற்றி டெமொஸ்தனிஸ் எழுதிய வழக்குரையில் ஓர் இடம் உண்டு: அடியின் வலி பெரிதல்ல, அடித்தவனின் தோரணையும் பார்வையும் குரலும்தான் பொறுக்க முடியாதவை, அவற்றில் சிலவற்றை அடிபட்டவனால் பிறருக்கு எடுத்துச் சொல்லக்கூட முடியாது என்கிறார். ஹூப்ரிஸ் என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான். துன்பியல் நாடகங்கள் அரங்கேறிய அதே பெருவிழாவில், அதே அரங்கில் நடந்தது இது.

இதற்கு நம் பேச்சில் ஒரு சொல் உண்டு: அடாவடி. அதன் அடியிலிருந்தே கலைச்சொல்லை எடுக்கலாம். அடாத செயல், 'அடாச்செயல்'. பண்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'அடாமை'. 'மிகுதியான் மிக்கவை செய்தாரை' என்ற குறளை (158) வைத்து 'மிகைச்செயல்' என்றும் ஆக்கிப் பார்த்தேன். பொருள் மிக அருகில் வருகிறது. ஆனால் நாடகச் சொற்பட்டியலில் 'மிகை' என்றாலே மிகைநடிப்புதான் நினைவுக்கு வரும்.

இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும் அல்லவா? ஈஸ்கிலஸின் பாரசீகர் நாடகத்தில் (கி.மு. 472) டாரியஸின் ஆவி சொல்வது: "அடாமை பூத்துக் கெடுமதிக் கதிர் முற்றியது, அறுவடையோ கண்ணீர்." அன்டிகனியில் தீப்ஸ் மன்னன் கிரியோன், தன் ஆணையை மீறிய அன்டிகனியைப் பற்றிச் சொல்வது: "விதித்த சட்டத்தை மீறியபோதே இவள் அடாச்செயல் செய்தாள், செய்ததைச் சொல்லிப் பெருமைப்பட்டுச் சிரிப்பது இரண்டாவது அடாச்செயல்." இரண்டு இடத்திலும் ஆணவம் என்று போட்டுப் பாருங்கள். கிரியோனின் 'இரண்டாவது' என்ற எண்ணே பொருளற்றுப் போகும். ஆணவத்தை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது, செயலை எண்ணலாம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: இந்தக் குற்றச்சாட்டை வைப்பவன் கிரியோன். பாடநூல்களோ அவனைத்தான் ஹூப்ரிஸுக்கு எடுத்துக்காட்டாக்குகின்றன. யார் யாரை அடாதது செய்தாய் என்கிறார்கள் என்பதே அந்த நாடகத்தின் சண்டை.

'அடாது செய்தவன் படாது படுவான்' என்ற பழமொழி ஈஸ்கிலஸின் அகமெம்னான் நாடகத்தில் வரும் 'செய்தவன் பட வேண்டும்' என்ற வாக்குக்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன்.

மேலே டாரியஸ் சொல்லில் 'கெடுமதி' என்று போட்டது 'ஆத்தே' என்ற சொல்லுக்கு. அறிவு மயங்குதலும் அழிவும் ஒரே சொல்லில் அடங்கியது அது. 'பேதைப் படுக்கும் இழவூழ்' என்ற குறள் (372) அப்படியே இந்தக் கருத்துதான். ஆனாலும் 'இழவு' இன்று சாவு வீட்டோடு ஒட்டிவிட்டதால் கெடுமதியே போதும்.

> மொய்ரா: ஊழ்வினை

இதில்தான் பெரிய சிக்கல். ஊழ்வினை என்றவுடன் முற்பிறவிக் கணக்கு வந்துவிடுகிறது. சிலம்பில் கோவலன் கொலையுண்டதற்குக் காரணம் கட்டுரை காதையில் சொல்லப்படும்: முற்பிறப்பில் அவன் பரதன், சங்கமனைக் கொல்வித்தான், சங்கமன் மனைவி நீலி சாபமிட்டாள். அவன் செய்தது அவனிடமே வந்தது. ஈடிபஸுக்கு அப்படி ஒரு கணக்கே இல்லை. பிறக்கும் முன்பே எழுதப்பட்டதற்குக் காரணம் தேடினால் தந்தை லாயஸிடம் போய் நிற்க வேண்டும். பிள்ளை பெறாமல் செத்தால்தான் ஊர் பிழைக்கும் என்று அப்பல்லோ மூன்று முறை சொல்லியும் லாயஸ் கேட்கவில்லை என்கிறது ஈஸ்கிலஸின் தீப்ஸுக்கு எதிர் எழுவர் (கி.மு. 467). கிரேக்க நாடகத்தில் ஊழ் முன்னோர் வழியே இறங்கும். முற்பிறவி வழியே அல்ல. இந்த வேறுபாடு மறைந்தால், குடும்பமே நாடகத்தின் களமாக இருப்பது ஏன் என்பதும் மறைந்துவிடும்.

மொய்ராவின் முதற்பொருள் பங்கு. விருந்தில் கிடைக்கும் இறைச்சிக்கூறும் மொய்ராதான், வாழ்நாளில் ஒருவனுக்கு விழுந்த கூறும் மொய்ராதான். தமிழில் பகுதி, ஊழ் என்று இரண்டு பொருளையும் ஒருசேரத் தாங்கும் சொல் 'பால்'. களவியலில் 'உயர்ந்த பாலது ஆணையின்' தலைவனும் தலைவியும் காண்கிறார்கள் என்பார் தொல்காப்பியர். அதைவிடச் சிறந்த சான்று கிளவியாக்கத்தில் இருக்கிறது: "காலம் உலகம் உயிரே உடம்பே பால்வரை தெய்வம் வினையே பூதம்". பால்வரை தெய்வம் வேறு, வினை வேறு என்று தனித்தனியே எண்ணியிருக்கிறார் பாருங்கள். நமக்கு வேண்டிய பிரிப்பும் இதுவேதான். மொய்ரா என்னும் மூன்று தெய்வங்களில் ஒருத்தி நூல் நூற்பாள், ஒருத்தி பங்கு வகுப்பாள், ஒருத்தி திரும்பாதவள். மூவருக்கும் 'பால்வரை தெய்வங்கள்' என்பது தைத்து வைத்த சட்டை போலப் பொருந்துகிறது.

தனிச்சொல்லாகப் 'பால்' என்று எழுதினால் குடிக்கும் பாலும் ஆண்பால் பெண்பாலும் குறுக்கிடும். ஆகவே கலைச்சொல் 'பால்வரைவு'. நாடக மொழிபெயர்ப்பில், பேச்சின் ஓட்டத்துக்கு 'ஊழ்' என்று எழுதலாம். 'வினை'யை மட்டும் கூட்ட வேண்டாம்.

> ஃபிலோஸ்: நண்பர்

அன்டிகனியை மொழிபெயர்ப்பவருக்கு இந்த ஒரு சொல் சரியாக அமைந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். ஃபிலோஸ் நண்பனும் ஆவான், உறவினனும் ஆவான். கவிதையியல் 14ஆம் அதிகாரத்தில் பகைவர் பகைவரைக் கொல்வதில் இரக்கம் பிறக்காது. உடன்பிறந்தான் உடன்பிறந்தானையும், மகன் தந்தையையும், தாய் மகனையும், மகன் தாயையும் கொல்வது, கொல்லப் போவது என்று ஃபிலியாவுக்குள் நடப்பதைத்தான் கவிஞன் தேட வேண்டும் என்கிறார் அரிஸ்டாட்டில். அங்கே 'நட்புக்குள்' என்று எழுதினால் வாசகர் திகைத்துப் போவார்.

நமக்கு 'கேளிர்' இருக்கிறது. 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்பதில் உறவும் நட்பும் பிரியாமல் நிற்கின்றன. ஃபிலோஸ் 'கேள்', பன்மை 'கேளிர்', ஃபிலியா 'கேண்மை'. இனி அந்தப் புகழ்பெற்ற மோதலைப் பார்ப்போம். தன் நகர்மீது படையெடுத்து வந்து செத்த, அன்டிகனியின் அண்ணன் பொலினைசீஸைப் புதைக்கக் கூடாது என்கிறான் கிரியோன். அன்டிகனி புதைத்துவிட்டாள்.

கிரியோன்: பகைவன் செத்தாலும் கேளிர் ஆவதில்லை.
அன்டிகனி: உடன்பகைக்கப் பிறந்தவள் அல்லள் நான், உடன்கேண்மை கொள்ளப் பிறந்தவள்.

'கேள்' இருந்தால்தான் இந்த இரண்டு வரியும் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. ஊருக்கு நல்லவனே தன் கேள் என்பது கிரியோன் கணக்கு. தன்னோடு பிறந்தவனே கேள் என்பது அவள் கணக்கு. அவனோ அவளுக்குத் தாய்மாமன். அவளும் அவனுக்குக் கேளிர்தான் என்பதை அவன் எண்ணிப் பார்க்க மறுப்பதுதான் கொடுமை.

இதே இடத்தில் இன்னொரு சொல். தன் அண்ணனைப் பேணுவதில் வெட்கமில்லை என்னும்போது அவள் 'ஒரே வயிற்றில் பிறந்தவர்' என்ற பொருளுள்ள கூட்டுச்சொல்லைச் சொல்கிறாள். வரைவில் இதற்கு 'சகோதரர்' என்று இருக்கிறது. வடமொழியில் அதுவும் ஒரே வயிறு என்றுதான் பொருள்படும், ஆனால் தமிழ்க்காதுக்கு அந்த வயிறு கேட்பதில்லை. புறநானூறு 183இல் 'பிறப்போரன்ன உடன்வயிற்றுள்ளும்' என்று பாண்டியன் நெடுஞ்செழியன் பாடியிருக்கிறான். 'உடன்வயிற்றோர்' என்று எழுதுவோம். ஈடிபஸுக்குத் தாயும் மனைவியுமான யொகாஸ்தாவின் வயிற்றில் ஈடிபஸும் பிறந்தான், அவனுடைய நான்கு பிள்ளைகளும் பிறந்தார்கள் என்ற கொடிய உண்மை அந்த 'உடன்வயிறு' என்ற சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அன்டிகனிக்குத் தந்தையும் உடன்வயிற்றோன்.

குருதியுறவுக்குத் தனிச்சொல் வேண்டுமா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். வேண்டும். ஈஸ்கிலஸின் ஒரெஸ்டியா முத்தொகுதியின் (கி.மு. 458) கடைசி நாடகத்தில், தாயைக் கொன்றதற்காகத் துரத்தப்படும் ஒரெஸ்டஸ், கணவனைக் கொன்ற அந்தத் தாய் கிளைடெம்னெஸ்ட்ராவை ஏன் துரத்தவில்லை என்று கேட்க, "அவள் கொன்ற ஆள் அவளுக்கு ஒருகுருதி அல்லன்" என்று பழிவாங்கும் தெய்வங்கள் பதில் சொல்கின்றன. கணவன் கேளிர் ஆகலாம், ஒருகுருதி ஆக மாட்டான். வழக்கின் தீர்ப்பே அந்த இடைவெளியில் ஊசலாடுவதால் 'ஒருகுருதியர்' என்பதைப் பட்டியலில் தனிப் பதிவாகச் சேர்க்க வேண்டுகிறேன்.

> மியாஸ்மா: தீட்டு

கடைசியாக இது. கொலையால் தீப்ஸ் நகரில் படிந்து, பயிரையும் கால்நடையையும் கருவையும் கருக்கும் மாசு. பிறப்பு இறப்பு பற்றிய விலக்கும் இதில் அடங்கும் என்பதால் 'தீட்டு' பொருளளவில் தொலைவில் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கொண்டு நம் ஊரில் மனிதரை மனிதர் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை ஒரு பாடநூற் சொல்லாக நிலைநிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. 'கொலைப்பழி' கொலைக்கு மட்டும் பொருந்துகிறது. வெறும் 'பழி' என்றால் ஒரெஸ்டியாவில் பழிவாங்கலோடு குழம்பும். 'படிமாசு' என்று ஒன்று தோன்றியது, அதிலும் எனக்கு முழு நிறைவு இல்லை. வழக்கில் உள்ள வேறு சொல் எந்த வட்டாரத்தில் இருந்தாலும் எழுதுங்கள். அதுவரை இந்தப் பதிவை மட்டும் 'மியாஸ்மா' என்றே நிறுத்தி வைத்து, மற்றவற்றை அடுத்த வரைவில் ஏற்றலாமா என்று ஐயா முடிவு சொல்ல வேண்டும்.

அன்புடன்.