எக்செல் மேக்ரோ: ஒரு கோப்பின் பப்ளிக் மாறி இன்னொரு கோப்புக்கு ஏன் தெரிவதில்லை?

கேள்வி:
எக்செல் 2016. விலைப்பட்டியல் கோப்பின் சாதாரண மாட்யூலில் (மேக்ரோ எழுதும் பக்கம்) டாக்ஸ்ரேட் என்ற மாறியை (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) 'பப்ளிக்... ஆஸ் டபுள்' என்று அறிவித்து, கோப்பு திறக்கும்போது 0.18 ஏற்றுகிறேன். பில் கோப்பின் மேக்ரோவில் அதே பெயரைப் போட்டால் வரி 0 ஆகிறது. இரண்டு கோப்பும் திறந்துதான் இருக்கின்றன. மொத்தம் ஆறு பில் கோப்புகளுக்கு இந்த மதிப்பு வேண்டும்.

பதில் 1:
முதலில் பில் கோப்பின் மாட்யூல் தலைப்பில் 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' (மாறிகளை அறிவிப்பதைக் கட்டாயமாக்கும் கட்டளை) போடுங்கள். 0 வராது, 'வேரியபிள் நாட் டிஃபைண்ட்' என்று நிற்கும். அதுதான் உண்மை நிலை. பப்ளிக் என்றாலும் மாறியின் எல்லை அந்த விபிஏ (எக்செலின் மேக்ரோ மொழி) புராஜெக்ட்தான், அதாவது ஒரு கோப்பின் மேக்ரோத் தொகுப்புதான். ஒவ்வொரு கோப்பும் தனிப் புராஜெக்ட். நீங்கள் எழுதிய பெயர் பில் கோப்பில் ஒரு புது வெற்று மாறியாகிவிட்டது.

எளிய வழி: விலைக் கோப்பில் மதிப்பைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன் எழுதி, பில் கோப்பிலிருந்து 'அப்ளிகேஷன்.ரன்' மூலம் கூப்பிடுங்கள். கோப்புப் பெயர், ஆச்சரியக்குறி, ஃபங்ஷன் பெயர் என்ற வரிசை. கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் அதை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். ரன் மாறியை நேரடியாகப் படிக்காது, ஃபங்ஷனையும் சப்பையும் (மதிப்பைத் திருப்பித் தராத மேக்ரோ) மட்டுமே ஓட்டும்.

பதில் 2:
ஆறு கோப்பு என்றால் ரெஃபரன்ஸ் (ஒரு கோப்பின் புராஜெக்டை இன்னொன்றோடு இணைப்பது) வசதியாக இருக்கும். விபிஏ எடிட்டரில் விலைப் புராஜெக்டின் பெயரை மாற்றுங்கள். எல்லாக் கோப்புக்கும் இயல்பாக 'விபிஏபுராஜெக்ட்' என்றே பெயர் இருப்பதால், மாற்றாவிட்டால் பெயர் மோதும். பிறகு கோப்பைச் சேமித்து, பில் கோப்பில் டூல்ஸ், ரெஃபரன்ஸஸ் போய் அதை டிக் செய்யுங்கள். மாறி நேரடியாகத் தெரியும், மதிப்பும் மாற்றலாம். விலை மாட்யூலில் 'ஆப்ஷன் பிரைவேட் மாட்யூல்' (மற்ற புராஜெக்டுகளிடமிருந்து மாட்யூலை மறைக்கும் கட்டளை) இருந்தால் தெரியாது.

இதில் பாதகமும் உண்டு. பில் கோப்பைத் திறந்தால் விலைக் கோப்பும் தானாகத் திறக்கும். பில் மூடாமல் அதை மூட முடியாது. அதை வேறு ஃபோல்டருக்கு மாற்றினால் ரெஃபரன்ஸ் பட்டியலில் 'மிஸ்ஸிங்' என்று வந்து, மேக்ரோவின் சம்பந்தமே இல்லாத ஒரு வரியில் (லைன்) கம்பைல் பிழை காட்டும்.

கேட்டவர்:
ரெஃபரன்ஸ் வேலை செய்கிறது. ஆனால் ஒரு பிழைச் செய்தியில் 'எண்ட்' அழுத்தியதும் மறுபடி 0.

பதில் 1:
எண்ட் அழுத்தினாலும், ரீசெட் செய்தாலும் மாறிகள் துடைக்கப்படும். கோப்பு திறக்கும்போது மதிப்பை ஏற்றும் மேக்ரோ மறுபடி ஓடாது. அதனால் மாறியை நம்பாதீர்கள். 0.18ஐ விலைக் கோப்பின் ஒரு செல்லில் வைத்து, அதற்குப் பெயர் சூட்டி, ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே படிக்கட்டும். வரிவீதம் போன்ற சின்ன மதிப்புக்கு செல்லைப் படிக்கும் தாமதம் தெரியவே தெரியாது.

பதில் 3:
இரண்டு விஷயம் விடுபட்டுள்ளது. எக்செல் இரு தனி நகல்களாக ஓடினால் (ஆல்ட் விசையைப் பிடித்துத் திறப்பது போல) ரன் வழியும் பலிக்காது. அங்கே சேவ்செட்டிங், கெட்செட்டிங் கட்டளைகள் மூலம் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) எழுதிப் படிக்கலாம். அது எழுத்துச் சரமாகவே சேமிக்கும், எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் அதை மேக்ரோவுக்குள் தட்டச்சு செய்யாதீர்கள். விபிஏ எடிட்டர் யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டு முறை) அறியாது, கேள்விக்குறிகளாக்கிவிடும். பெயரை ஒரு செல்லில் எழுதி அங்கிருந்து எடுங்கள்.