ஆப் டெஸ்டிங்: எமுலேட்டர் போதுமா, கையில் போன் வேண்டுமா?

பிழைநீக்கி:
டெஸ்டிங்குக்கென்று நிஜ போன் வாங்கியே ஆகவேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போனை உருவாக்கிக் காட்டும் ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் வேண்டிய ஏபிஐ லெவல் (ஆண்ட்ராய்டு பதிப்பின் எண்), வேண்டிய திரை அளவு சில நிமிடத்தில் தயார். மந்தமான நெட்வொர்க், ஜிபிஎஸ் இடம், பேட்டரி சதவீதம் எல்லாம் அங்கேயே மாற்றலாம். மெமரியை 16 கேபி துண்டுகளாக (மெமரி பேஜ்) கையாளும் போன்களுக்கென்று தனி சிஸ்டம் இமேஜே, அதாவது எமுலேட்டரில் ஏற்றும் ஆண்ட்ராய்டே, இருக்கிறது. மேசையில் பத்து போன் அடுக்கினாலும் இவ்வளவு வராது.

கைக்கருவி:
லாஜிக்கைச் சோதிக்க நீங்கள் சொல்வது சரி. வேகத்துக்கு? எமுலேட்டர் ஓடுவது உங்கள் கம்ப்யூட்டரின் சிபியுவில். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லிசெகண்ட். கம்ப்யூட்டரில் அதற்குள் அடங்குகிற ஸ்க்ரோல், 2 ஜிபி ரேம் போனில் திக்கும். போன் சூடானால் ப்ராசஸர் தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.

மேக்கில் ஐபோன் ஆப்பைச் சோதிக்க உதவும் ஐஓஎஸ் சிமுலேட்டர் ஐபோனின் நகலே அல்ல. ஆப் அங்கே மேக்கின் ப்ராசஸாகவே (மேக்கில் ஓடும் மற்ற ப்ரோகிராம்களைப் போலவே) ஓடுகிறது. மேக்கின் ஃபைல் சிஸ்டம் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை (மாற்றி ஃபார்மேட் செய்திருந்தால் தவிர), ஐபோன் பார்க்கும். ஃபைல் பெயரில் அந்த ஓர் எழுத்து மாறினால் சிமுலேட்டரில் படம் வரும், போனில் வராது.

பிழைநீக்கி:
படங்களை அசெட் கேட்டலாக் என்ற தொகுப்பில் வைத்து, ஆப்பிளின் ஆப் உருவாக்கும் கருவியான எக்ஸ்கோட், பதிப்பு 15 முதல் உருவாக்கித் தரும் பெயர்களைப் பயன்படுத்துங்கள். அந்தத் தவறு கம்பைலிலேயே, கோடை ஆப்பாக மாற்றும்போதே, பிடிபடும். வேகம்தான் கவலை என்றால் கூகுளின் ஃபயர்பேஸ் டெஸ்ட் லேபில் நிஜ போன்களை இணையம் வழியே வாடகைக்கு எடுக்கலாமே.

கைக்கருவி:
எங்கோ ஒரு லேபின் ரேக்கில் இருக்கும் போனில், அருகில் வைத்தால் படிக்கப்படும் என்எஃப்சி கார்டை எப்படித் தட்டுவீர்கள்? ப்ளூடூத் ஹெட்செட் பாதியில் துண்டிக்கப்படுவதை எப்படிப் பார்ப்பீர்கள்? போன் சும்மா கிடக்கும்போது பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும் டோஸ் நிலையை, கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு அனுப்பும் ஏடிபி கட்டளையால் வரவழைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் சில தயாரிப்பாளர்கள் தங்கள் போன்களில் சேர்க்கும் பேட்டரி மேலாளர் பின்னணி வேலைகளை அதைவிடக் கடுமையாக நிறுத்தும். கூகுளின் சிஸ்டம் இமேஜில் அது கிடையாது.

இளந்தளிர்:
ஒரே ஒரு போன்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

கைக்கருவி:
உங்கள் ஆப் ஆதரிக்கும் பழைய ஆண்ட்ராய்டுக்கு அருகில் உள்ள, ரேம் குறைந்த, முடிந்தால் 32 பிட் போன். எக்ஸ்86 (கம்ப்யூட்டர் வகை ப்ராசஸர்) எமுலேட்டரில் மட்டும் ஓட்டினால், ஆர்ம் (போன் வகை ப்ராசஸர்) 32 பிட்டுக்கான நேட்டிவ் லைப்ரரி, அதாவது அந்த ப்ராசஸருக்கென்றே உருவாக்கிய கோடு, பேக்கேஜில் விடுபட்டது தெரியாது. அந்த போனில் ஆப் நிறுவ மறுக்கும், அல்லது அந்த லைப்ரரியைத் தேடும்போது விழும். பயனருக்குப் போகும் ரிலீஸ் பில்டையே ஏற்றுங்கள்; ரிஃப்ளெக்ஷனில் (ஓடும்போது பெயரைக் கொண்டு) தேடப்படும் கிளாஸை, பயன்படாத கோடை வெட்டும் கருவியான ஆர்8 நீக்கியிருந்தால் அங்கேதான் தெரியும்.

பிழைநீக்கி:
என்எஃப்சி, ப்ளூடூத் தொடும் ஆப்புக்குப் போன் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வெறும் படிவம் நிரப்பும் ஆப்புக்கு வேண்டாம்.

கைக்கருவி:
படிவத்தின் நடுவே கேமராவைத் திறந்தால், ரேம் குறைந்த போன் பின்னால் இருக்கும் ஆப்பைக் கொன்றுவிடும். நிரப்பியதை ஆப் சேமித்து வைக்காவிட்டால், திரும்பி வந்தால் படிவம் காலி.

பிழைநீக்கி:
அதையும் எமுலேட்டரில் வரவழைக்கலாம். டெவலப்பர் அமைப்புகளில் உள்ள 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' போதாது. அது ஆக்டிவிட்டியை (ஆப்பின் திரையை) மட்டும் அழிக்கும், ப்ராசஸ் உயிரோடிருப்பதால் அதன் மெமரியில் இருக்கும் ஸ்டாட்டிக் மாறிகள் தப்பிவிடும். ஹோம் அழுத்தி, 'ஏடிபி ஷெல் ஏஎம் கில்' என்று பேக்கேஜ் பெயருடன் கொடுத்து, ரீசன்ட்ஸிலிருந்து (சமீபத்திய ஆப்களின் பட்டியலிலிருந்து) திறந்து பாருங்கள்.