மறு: தனினுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம்.

ஸ்பெயினின் ரியோக்காவில் லோபெஸ் தெ எரேதியா குடும்பம் செய்யும் சிவப்பு வைனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1877 இல் தொடங்கிய வைன்சாலை. பீப்பாயைக்கூடத் தாங்களே செய்கிறார்கள். நொதித்தல், மதுவம் (ஈஸ்ட்) எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்த சொற்கள். வைனுக்குத் துவர்ப்பைக் கொடுக்கும் பொருளான தனின் (tannin) வந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன்.

இந்தக் கேள்விக்கு நம் குழுவில் ஐயா சொன்ன ‘துவர்ச்சத்து’ எனக்கு ஒட்டவில்லை. சத்து என்றதும் உடம்புக்கு நல்லது என்று ஆகிவிடும். வைன் போத்தலுக்கு அந்த நற்சான்றிதழ் வேண்டாம். அக்கா சொன்ன ‘துவர்ப்பு’ சுவையின் பெயர். அதையே பொருளுக்கும் வைத்தால், “தனின் குறையத் துவர்ப்பும் குறையும்” என்ற வசனத்தை எப்படி எழுதுவது?

நான் வைக்கும் சொல் ‘துவரி’. நொதித்தலுக்கு நொதி (enzyme) மாதிரி, துவர்ப்புக்குத் துவரி. துவர் என்றால் நமக்குச் சுவை மட்டுமல்ல, சிவப்பும்தான்: துவர்வாய், துவராடை. கறுத்த முந்திரிகையை (திராட்சையை) பிழிந்தாலும் சாறு பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். தோலோடு ஊறினால்தான் நிறமும் இறங்கும், தனினும் இறங்கும். சிலப்பதிகாரத்தில் மாதவி கூந்தல் ஆட்டிய நீரும் பத்துத் துவர் ஊறின நீர்தான். கடுக்காயும் நெல்லியும் அதில் உண்டு. துவரம்பருப்பு ஞாபகம் வரும் என்பீர்கள். இங்கே யாழ்ப்பாணத்தில் எங்கள் அடுப்பில் மைசூர்ப் பருப்புத்தானே, எனக்கு அந்தப் பயமில்லை.

நாக்கில் நடப்பதற்கு நம்மூர்ச் சொல்லே இருக்கிறது. கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த போத்தலை, நல்லூர்க் கோயில் திருவிழாக் கொடி இறங்கும்வரை பொறுத்திருந்து திறந்தோம். மாமி ஒரு மிடறு குடித்தார். நாக்கை மேலண்ணத்தில் இரண்டு தரம் ஒட்டி எடுத்துவிட்டு, “வாழைப்பூ மாதிரிக் கயர்க்குது” என்றார். கயர்ப்பு! சாயம் கூடின பிளேன்ரீயிலும் (பால் விடாத தேநீரிலும்) இதேதான். துவரி எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துத் திரளவைக்கிறது, வாய் வழுக்கல் போய் வறள்கிறது. பால் விட்டால் அடங்குவது, அது பால் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால். ஆட்டுத்தோலை ஆவரசம்பட்டையில் பதனிடுவதும் இதே பிடிப்பால்தான். தனின் என்ற பெயரே தோல் பதனிடும் வேலையிலிருந்து வந்தது. எரேதியா குடும்பமும் இதே பிடிப்பை நம்பித்தான் வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு விடுகிறது. நாங்கள் திறந்தது அவர்களுடைய தொந்தோனியா ரிசர்வா என்ற வைன், ஆறு வருசம் பீப்பாயில் கிடப்பது. அதனால் மச்சான் பயமுறுத்திய அளவுக்குக் கயர்க்கவில்லை.

ஆகவே பொருள் துவரி, வாயில் உணர்வது கயர்ப்பு. விதைத்துவரி, பீப்பாய்த்துவரி என்று சேர்த்துப் பார்த்தேன், சரியாகவே வருகின்றன. ‘தோல்துவரி’ மட்டும் செருப்புக் கடையை நினைவூட்டுகிறது. பழத்தோலுக்கு வேறு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுதுங்கள். அன்றைக்குக் கட்டுரையை அனுப்ப வேண்டும்.

கோண்டாவிலிலிருந்து.