கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பிள்ளை ‘கம்பஸ் வேண்டாம்’ என்று சொன்னால்

வீட்டு வாடகை, கேஸ் சிலிண்டர், இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்றுதான் இந்தக் குழுவில் வழக்கமாகக் கேட்பார்கள். முந்தாநாள் ஒரு அம்மா கேட்டது வேறு: “மகள் முதல் வருஷம். பாதியில் விட்டுட்டு ஊருக்கே போறேங்கிறா. என்ன செய்ய?” எங்கள் வீட்டிலும் இது நடந்ததால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து 2019 கடைசியில் வந்தோம். வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கம் வாடகை வீடு. 2021இல் மகன் மாலபே பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்தான். பாடம் இங்கே, பட்டம் பிரிட்டனில் இருக்கும் பல்கலைக்கழகத்துடையது. முதல் வருஷம் பெரும்பாலும் படுக்கையறையில் லேப்டாப்போடு போனது. நேரடி வகுப்பு தொடங்கியதும், கொள்ளுப்பிட்டி வரை ஒரு பஸ், அங்கிருந்து 177 பிடித்துப் போவான்.

ஒருநாள் சாயங்காலம் அவன் ஷூவைத் தட்டினேன். மணல் கொட்டியது. மாலபேயில் ஏது கடல்? டிபன் பாக்ஸைத் திறந்தால் காலையில் கட்டிக் கொடுத்த தயிர் சாதம் அப்படியே இருக்கிறது. அதற்கு அடுத்த நாள் வீட்டுக்காரம்மா மெதுவாகக் கேட்டார்: “உங்கட மகன் நேற்றும் கடற்கரை ரயில் ஸ்டேஷனடியில இருந்தவர். கம்பஸ் லீவோ?”

ஆறு வாரமாக அவன் வகுப்புக்கே போகவில்லை. நிறுவனத்திலிருந்து ஒரு போன் இல்லை, ஒரு மெயில் இல்லை. கட்டணத்துக்கு மட்டும் நினைவூட்டல் தவறாமல் வந்தது.

கேட்டால், ஒரே ஒரு பேப்பர் போயிருக்கிறது. நம் ஊரில் அதற்கு ‘அரியர்’ என்று பேர், பையன்கள் எண்ணிக்கை சொல்லிச் சிரிப்பார்கள். இங்கே ‘ரிப்பீட்’. பிரிட்டிஷ் முறையில் மறுபடி எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாக பாஸ் மார்க்கான 40க்கு மேல் போடமாட்டார்கள். கட்டணமோ பவுண்டில். 2022இல் சில மாதங்களுக்குள் டாலர் 200 இலங்கை ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது, பவுண்டும் கூடவே ஏறியது. நானும் அவன் அப்பாவும் சமையலறையில் இரவெல்லாம் கணக்குப் போட்டதை அவன் கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு தோற்றதை எங்களிடம் எப்படிச் சொல்வான்?

இன்னொன்றும் இருந்தது. வகுப்பு ஆங்கிலத்தில், கேன்டீன் சிங்களத்தில். யாரும் விரட்டவில்லை, பக்கத்தில் வா என்று கூப்பிடவும் இல்லை. தேர்வுக்கு முன்னால் தெரிந்த மாணவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பதை இங்கே ‘குப்பி’ என்பார்கள். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு வெளிச்சத்தில் கூடிப் படித்த வழக்கத்திலிருந்து வந்த பெயர் என்று சொல்கிறார்கள். சொல் நம்முடையதுதான், ஆனால் அவன் பேட்ச்சில் குப்பி சிங்களத்தில் நடந்தது. இரண்டு தடவை போய் உட்கார்ந்துவிட்டு மூன்றாவது தடவை கடற்கரைக்குப் போய்விட்டான்.

பிறகு ஒரு ஆலோசகரைப் பார்த்தோம். வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1975இலேயே எழுதியதை அவர் விளக்கினார். மாணவர் நிலைப்பதற்கு இரண்டு பிடிமானம் வேண்டும், ஒன்று பாடத்தோடு, இன்னொன்று மனிதர்களோடு. இரண்டும் தளரத் தளரத்தான் ஆள் கழன்று போகிறார், ஒரே நாளில் எடுக்கிற முடிவு அல்ல. எனக்கு உடனே அந்தத் தயிர் சாதம்தான் ஞாபகம் வந்தது.

ஆனால் டின்டோ சொல்வதை அப்படியே நம் பிள்ளைகளுக்குப் போட முடியாது. விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து போய் வருகிறவர்களுக்கு வெளி நெருக்கடிதான் பெரிது, அதாவது பணம், வேலை, குடும்பம் என்று பீன், மெட்ஸ்னர் என்ற இருவர் 1985இல் வாதாடினார்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கிறது. பண பயத்தில் வாயை மூடினான், வாயை மூடியதால் தனியானான்.

அந்த அம்மாவுக்கு நான் சொல்வது: மகளிடம் மார்க்கைக் கேட்காதீர்கள். மத்தியானம் யாரோடு சாப்பிட்டாள் என்று கேளுங்கள். பதில் வர நேரமானால் அங்கேதான் தோண்ட வேண்டும். பணம் பற்றிய பேச்சை ஒளிக்காமல் அவளையும் உட்கார வைத்துப் பேசுங்கள், அரைகுறையாகக் காதில் விழுவதுதான் ஆபத்து.

அப்புறம், விடுகிறேன் என்று கடிதம் கொடுப்பதற்கு முன், படிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்பி வருகிற இடைநிறுத்தம் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பிரிட்டிஷ் பட்டம் என்றால் முழு ஹானர்ஸுக்கு 360 கிரெடிட், அதாவது பாடப் புள்ளி, வேண்டும். 120 முடித்தால் சான்றிதழும் 240 முடித்தால் டிப்ளமோவும் வாங்கிக்கொண்டு வெளியேற வழி இருக்கும். கேட்டால்தான் சொல்வார்கள். படிப்பைக் காட்டி வாங்கிய விசா என்றால் முதலில் பத்தரமுல்லை குடிவரவு அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிற பிள்ளை என்றால் பகிடிவதையும் காரணமாக இருக்கலாம், நம் ஊர் ராகிங்தான். அதற்கு 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கீழே கமெண்டில் ஒருவர் சிங்களம் படித்தே ஆகவேண்டுமா என்று கேட்டிருக்கிறார். பரீட்சைக்கு வேண்டாம், கேன்டீனுக்கு வேண்டும். ‘மச்சான்’ இரண்டு மொழியிலும் மச்சான்தான், அங்கிருந்து ஆரம்பிக்கலாம். என் மகனுக்கு ஒரு மட்டக்களப்புப் பையன் கிடைத்தான், இரண்டு பேரும் தமிழில் குப்பி வைத்தார்கள். சிங்களம் அதற்குப் பிறகு தானாக வந்தது.

இன்னொருவர், மகன் முடித்தானா என்கிறார். முடித்தான், ஒரு வருஷம் தள்ளி. அவனோடு கடற்கரையில் உட்கார்ந்திருந்த இன்னொரு பையன் முடிக்கவில்லை. அந்த வருஷமே அவன் அப்பாவின் கடை மூடிப்போனது. இப்போது நீர்கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறான். கொழும்புப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வருவான், தயிர் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான்.