பூட்டியின் தாய்வழி: உறுதியிலிருந்து தொடங்குங்கள்

அன்பான ஊரவர்க்கு,

பிரித்தானியர் காலத்து யாழ்ப்பாணப் பூட்டி (பாட்டன் அல்லது பாட்டியின் தாய்) ஒருவரின் வழியைப் பிறப்புப் பதிவில் தேடத் தொடங்கினால் சீக்கிரம் முட்டி நிற்பீர்கள். கட்டாயப் பதிவு 1867 சட்டத்தோடுதான் வந்தது. அதற்குப் பிறகும் சைவ முறைக் கலியாணங்கள் பல பதியப்படவே இல்லை.

யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு நல்ல சாட்சி சீதன உறுதி, அதாவது சீதனமாகக் காணி எழுதிக் கொடுத்த பத்திரம். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமைப்படி தாயின் சீதனம் மகளுக்குப் போகும். 1840இன் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் காணி கைமாற நொத்தாரிசு (பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் அலுவலர்) எழுதிய உறுதி வேண்டும். அந்த உறுதியில், காணி கொடுப்பவருக்கு எப்படி உரித்தானது என்று ஒரு வரி வரும்: இன்ன தேதி, இன்ன இலக்கச் சீதன உறுதிப்படி. அது தாய்க்குக் கிடைத்த உறுதி. அதைப் பிடித்தால் பாட்டியிடம் போகலாம். அந்த இடத்தில் "முதுசம்" என்றிருந்தால் காணி பரம்பரையாக வந்தது, தகப்பன் பக்கத்தாலும் வந்திருக்கலாம், வழி மாறிவிடக்கூடும். வெறும் "ஆட்சி" (உறுதி இல்லாமல் அனுபவித்து வந்தது) என்றால் அந்தக் காணியை விட்டு வேறு காணியைப் பாருங்கள்.

காணிப் பதிவேடு காணியின்படி ஓடும். ஆளின் பெயரை மட்டும் கொடுத்துத் தேட ஏலாது. தொகுதி, பக்க எண் இல்லையென்றால் காணிப்பெயர், கோவிற்பற்று (காணி இருந்த பழைய பிரிவு), உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர் எல்லாம் வேண்டும். நான்கு எல்லைக்காரரின் பெயரையும் குறித்து வையுங்கள். சீதனத்துக்காகப் பிரித்த காணியில் பக்கத்து எல்லைக்காரி பலவேளை கூடப்பிறந்தவள்.

பேத்திக்கு ஆச்சியின் பெயர் வைக்கிற வழக்கத்தால் இரண்டு தலைமுறை ஒன்றாகிவிடும். பெயரோடு கணவன் பெயரும் காணிப்பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். உறுதித் தேதியைக் கலியாணத் தேதியாக எடுக்க வேண்டாம். சிலருக்குக் கலியாணம் முடிந்து பல வருசத்துக்குப் பிறகே எழுதினார்கள்.

சொத்தோடு இறந்தவர் என்றால் யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்ற மரணசாசன வழக்கு (இறந்தவரின் சொத்தைத் தீர்க்கும் வழக்கு) அறிவித்தல்களை இலங்கை அரசாங்க வர்த்தமானியில் பாருங்கள். பிள்ளைகள், சகோதரர் பெயர்கள் பிரதிவாதிகளாக வரிசையாக நிற்கும்.

1824இல் அமெரிக்க மிசன் தொடங்கிய உடுவில் பெண்கள் பாடசாலையில் படித்தவர் என்றால் தனிச் சிக்கல். பல பிள்ளைகளுக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயரே இடப்பட்டது. அந்தப் பெயர் வீட்டு உறுதியில் இராமல் போகலாம். மிசன் கடிதங்கள் ஹார்வர்ட்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன.

உறுதியைப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் பின்பக்கத்தையும் எடுங்கள். தொகுதி, பக்க எண் அநேகமாக அங்கேதான் இருக்கும். பழைய தாளை லாமினேற் செய்யாதீர்கள்.