'சேர்த்தவர்' இடத்தில் எல்லோருக்கும் ஒரே பெயர் விழுகிறது, அவசரம்

புதுப்படிவம்:
வணக்கம். என் ஃபார்மில் யார் பதிவு போட்டாலும் டேபிளில் 'சேர்த்தவர்' என்ற இடத்தில் ஒரே பெயர்தான் விழுகிறது. லாகினில் பிரச்சினை இல்லை, பக்கத்தின் மேலே அவரவர் பெயர் சரியாகத்தான் தெரிகிறது. நாளைக்குள் ஒப்படைக்க வேண்டும். யாராவது உதவுங்கள்.

குறிஞ்சிநிரல்:
எதில் செய்திருக்கிறீர்கள்? பிஎச்பியா, ஜாங்கோவா, வேறு ஏதாவதா? பெயரை நிரப்புவது ஃபார்மா, டேட்டாபேஸா? விழுகிற அந்த ஒரே பெயர் என்ன?

செஷன்வேலன்:
இது செஷன் (யார் லாகின் செய்திருக்கிறார் என்று நினைவில் வைப்பது) கோளாறுதான். ஒரே பிரௌசரில் இரண்டு பேராக லாகின் செய்து பார்த்திருப்பீர்கள். குக்கி ஒன்றுதானே, கடைசியாக நுழைந்தவர் பெயர்தான் நிற்கும். இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள்.

பழையடிபிஏ:
தம்பி, கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, என்ன கோடு என்று எதுவும் சொல்லாமல் 'அவசரம்' என்றால் இங்கே யாருக்கும் ஞானதிருஷ்டி கிடையாது. லாகின் பயனரும் டேட்டாபேஸ் பயனரும் வேறு வேறு. முதலில் அந்த அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

புதுப்படிவம்:
மன்னிக்கவும், ஆரக்கிள் ஏபெக்ஸ் (ஆரக்கிள் டேட்டாபேஸின் மேல் வலைப் பக்கங்கள் அமைக்கும் கருவி). இன்காக்னிட்டோவிலும் அதேதான். ஏபெக்ஸ்_பப்ளிக்_யூசர் என்று விழுகிறது. டேபிளில் பதிவு ஏறும்போது தானாக ஓடும் டிரிகரில் இப்படி இருக்கிறது:
:நியூ.சேர்த்தவர் := யூசர்;

குறிஞ்சிநிரல்:
காரணம் அந்த வரிதான். 'யூசர்' என்றால் டேட்டாபேஸோடு இணைந்திருக்கும் கணக்கு. ஏபெக்ஸில் எத்தனை பேர் லாகின் செய்தாலும் எல்லோருடைய வேலையும் ஒரு பொதுக் கணக்கின் இணைப்புகள் வழியாகத்தான் போகிறது. அதனால் டேட்டாபேஸ் கண்ணுக்கு எல்லோரும் ஒரே ஆள்தான். லாகின் பெயர் ஏபெக்ஸ் செஷனில் இருக்கிறது, அங்கிருந்து எடுங்கள்:
:நியூ.சேர்த்தவர் := கோலெஸ்(சிஸ்_காண்டெக்ஸ்ட்('ஏபெக்ஸ்$செஷன்', 'ஆப்_யூசர்'), யூசர்);
ஏபெக்ஸுக்கு வெளியே, பின்னணி ஜாப் எதுவும் எழுதினால் முதல் பகுதி காலியாக வரும். காலியாக இல்லாத முதல் மதிப்பைத்தான் கோலெஸ் எடுக்கும், கடைசியில் உள்ள 'யூசர்' அதற்காக.

செஷன்வேலன்:
இதற்கு டிரிகரே வேண்டாம். ஃபார்மில் ஒரு ஹிட்டன் ஐட்டம் (திரையில் தெரியாத புலம்) வைத்து டீஃபால்ட்டாக ஆப்_யூசர், அதாவது லாகின் பெயர், கொடுத்தால் வேலை முடிந்தது. டிரிகரில் ஒளித்து வைத்தால் அடுத்து வருபவர் தேடியே ஓய்ந்துவிடுவார்.

பழையடிபிஏ:
பிரௌசருக்குப் போய்த் திரும்பும் எதையும் நம்பக் கூடாது. ஐட்டத்தின் மதிப்பைப் பிரௌசரில் மாற்றவிடாமல் காக்கும் 'வேல்யூ புரொடெக்டட்' அணைந்திருந்தால் எஃப்12 அழுத்தி டெவலப்பர் கருவியில் யார் பெயரை வேண்டுமானாலும் போட்டு அனுப்பலாம். யார் செய்தார் என்ற பதிவை, செய்தவரே மாற்ற முடிந்தால் அதை எதற்கு வைக்க வேண்டும்?

குறிஞ்சிநிரல்:
அதோடு, டீஃபால்ட் வேலை செய்வது ஐட்டம் காலியாக இருக்கும்போதுதான். பழைய பதிவைத் திறந்தால் ஏற்கெனவே உள்ள பெயர் வந்து உட்கார்ந்துவிடும். 'கடைசியாக மாற்றியவர்' என்று ஒன்று வைத்தால் அது முதல் ஆளின் பெயரிலேயே நின்றுவிடும்.

செஷன்வேலன்:
புரொடெக்டட் புது ஐட்டத்தில் தானாகவே இயங்கு நிலையில்தான் வரும், யாராவது அணைத்தால்தான் ஆபத்து. மாற்றியவருக்கு ஒரு கம்ப்யூட்டேஷன் (ஐட்டத்தின் மதிப்பைத் தானாக நிரப்பும் பக்க அமைப்பு) போட்டால் போதும்.

பழையடிபிஏ:
ஒவ்வொரு பக்கத்திலும் போடுவீர்களா? ஒரு பக்கத்தில் மறந்தால்? ஃபார்மைத் தொடாமல் எஸ்கியூஎல்லில் நேரடியாக மாற்றினால்? டிரிகர் எந்த வழியில் வந்தாலும் பிடிக்கும்.

நிரைநேர்:
இடையில் ஒரு சந்தேகம். பெயரை எழுதுவது சரியா, பயனரின் ஐடி எண்ணை எழுத வேண்டாமா? லாகின் பெயர் மாறினால் பழைய பதிவுகள் யாருடையவை என்றே தெரியாமல் போய்விடும்.

பழையடிபிஏ:
எண் போட்டு, அந்தப் பயனர் வரிசையை யாராவது அழித்துவிட்டால் வெறும் எண்தான் மிஞ்சும். தணிக்கையில் அப்போது இருந்த பெயர்தான் வேண்டும்.

நிரைநேர்:
அழிக்க விடாமல் தடுக்கத்தானே ஃபாரின் கீ (இரண்டு டேபிள்களை இணைக்கும் கட்டுப்பாடு) இருக்கிறது? வேலையை விட்டுப் போனவரை முடக்க வேண்டும், அழிக்கக் கூடாது.

புதுப்படிவம்:
டிரிகரை மாற்றினேன், சரியான பெயர் விழுகிறது. நன்றி. பழைய பதிவுகளுக்கு ஏதாவது வழி உண்டா?

குறிஞ்சிநிரல்:
அந்த வரிசைகளில் பெயர் ஏறவே இல்லை, அதனால் டேபிளிலிருந்து மீட்க முடியாது. சேர்த்த நேரம் வைத்திருந்தால், ஏபெக்ஸே வைத்திருக்கும் பயன்பாட்டுப் பதிவான ஏபெக்ஸ்_வொர்க்ஸ்பேஸ்_ஆக்டிவிட்டி_லாக் என்ற வியூவில் எந்தப் பயனர் எந்தப் பக்கத்தில் எப்போது இருந்தார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே நிமிடத்தில் இரண்டு பேர் இருந்தால் ஊகித்து எழுதாமல் காலியாக விடுங்கள். அந்த லாக் அதிக நாள் தங்காது, இன்றே ஒரு நகல் எடுத்து வையுங்கள். சேர்த்த நேரத்துக்கு ஃபீல்ட் இருக்கிறதா?