கரண்ட் போனா சர்வர் ரூம் கதவு தானா திறந்துக்குது, லாக்கை மாத்தணுமா?

ரேக்வாசி:
எங்க ஆபீஸ் சர்வர் ரூமுக்கு கார்டு ரீடரும் மேக்னெட் லாக்கும் போட்டிருக்கோம், 600 பவுண்டு தாங்கும்னு சொல்லித்தான் மாட்டினாங்க, ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் அசையல. நேத்து கரண்ட் போனப்ப சும்மா கைப்பிடியத் தொட்டேன், ஃப்ரிட்ஜ் கதவு மாதிரி வந்துடுச்சு. சர்வருக்கு யூபிஎஸ் இருக்கு, கதவுக்கு இல்லையாம்! பேட்டரி போட்டா போதுமா?

ஒயர்கட்டு:
லாக் ரிப்பேர் இல்லீங்க, மேக்னெட் லாக்கோட குணமே அதான், கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் பிடிக்கும். பவர் சப்ளை பாக்ஸைத் திறந்து பாருங்க, பேட்டரிக்குன்னு சிவப்பு கருப்பு ரெண்டு ஒயர் சும்மா தொங்கிட்டிருக்கும், பாதி இடத்துல இதான் கதை. 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி, லாக் அரை ஆம்பியர் இழுக்கும்னு வச்சா கணக்குக்கு 14 மணி நேரம், ஆனா கன்ட்ரோலரும் ரீடரும் அதுலதான் திங்கும், பேட்டரியும் பழசாகும், பாதிய நம்புங்க. எனக்குக் கேட்டா எலக்ட்ரிக் ஸ்ட்ரைக்ல (கதவு நிலையில பூட்டு நாக்கைப் பிடிச்சுக்கிற, கரண்ட்ல இயங்குற கொக்கி) ஃபெயில் செக்யூர் வகைக்கு மாறிடுங்க, கரண்ட் போனாலும் வெளிய பூட்டியே இருக்கும், உள்ள இருக்கிறவர் கைப்பிடியத் திருகி வெளிய வந்துடலாம். மேக்னெட்டையே வச்சுக்கிறதா இருந்தா தீப்பிடிச்சா லாக்கை விடுவிக்க ஃபயர் அலாரம்ல இருந்து வர்ற ரிலீஸ் ஒயரை மட்டும் யாரும் கழட்டாம பாத்துக்குங்க, உயிர் விஷயம்.

பழையசாவி:
கதவை விடுங்க, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல சுவர் கான்கிரீட் வரைக்கும் போகுதா? நான் பாத்த ஒரு இடத்துல கைரேகை ரீடர்லாம் போட்டு அமர்க்களம் பண்ணிட்டு சுவரை சீலிங்கோட நிறுத்திட்டாங்க, டைலைத் தூக்கினா அடுத்த ரூம்ல இருந்து அப்படியே இறங்கலாம். அப்புறம் கேமரா ரெக்கார்டரை அதே ரூம்ல வச்சிருந்தா, திருட வர்றவன் அதையும் சேர்த்துத்தான் தூக்கிட்டுப் போவான்.

டேக்நம்பர்:
கார்டு என்ன வகைன்னும் பாருங்க. 125 கிலோஹெர்ட்ஸ் பழைய கார்டுன்னா நம்பரை அப்படியே கத்திச் சொல்ற மாதிரிதான், நிமிஷத்துல காப்பி அடிச்சுடலாம். 13.56 மெகாஹெர்ட்ஸ்ல என்க்ரிப்ஷன் உள்ள டெஸ்ஃபயர் மாதிரி கார்டுக்குப் போங்க. அதைவிட முக்கியம், வேலைய விட்டுப் போனவங்க கார்டை அன்னிக்கே பிளாக் பண்றீங்களா?

ரேக்வாசி:
பாக்ஸைத் திறந்தேன், ஒயர்கட்டு சொன்ன ரெண்டு ஒயரும் டேப் சுத்தி மூலையில கிடக்கு 😅 ஏணி போட்டு டைலையும் தூக்கிப் பாத்துட்டேன்... பக்கத்து ஸ்டோர் ரூம் லைட் தெரியுது. பூட்டை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல கொத்தனாரைக் கூப்பிடறேன்.